அம்மாவுக்கு வைத்த கோழி

மேரு, கிள்ளான்
12 மே 2024

குகனுக்கு அப்பா எழுதுவது.

நீ என்னை வாட்சப்பில் பிளாக் செய்துவிட்டாய் என்று பக்கத்து வீட்டு சபாபதி சொல்லித்தான் தெரிந்தது. அனுப்பியதெல்லாம் ஒற்றைக் கோட்டோடு நிற்கிறதே, பையன் போனுக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, உங்கள வெளிய தள்ளி கேட்டப் பூட்டிட்டான் லா" என்று சிரிக்கிறான். சரி, போனைப் பூட்டலாம். தபால்காரனைப் பூட்ட இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

விலாசம் கொடுத்தது மாதவி. அந்தப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே. நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்பு உன் அம்மாவுக்கு. அவள் அதில் இருந்த பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு லோரி ஓட்டப் போனவனுக்கு அதுதான் காதல் கடிதம். நீயும் வேண்டுமானால் வட்டம் போட்டு அனுப்பு. பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிளினிக்கில் நடந்ததற்கு வருகிறேன். உன் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று நீ நர்ஸிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன போனை எடுத்து மூன்றையும் தட்டினேன். அது என்னென்னவோ சொன்னது. அதில் ஒரு வரி மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அந்த மாதிரிச் சகவாசத்தாலும் வரலாம் என்ற வரி. உடனே உன் அப்பன் என்ன செய்தான்? அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், லோரிக்காரன் தொண்டையில், "டேய், எவகிட்டடா போன?" என்று கேட்டான். பக்கத்து நாற்காலியில் நீ கட்டிக்கொள்ளப்போகிற மாதவி.

நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வெளியே போனாய். அன்று சாயங்காலமே பையைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டாய். "இல்லை" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனே, ஐயா.

முழங்கால் எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்
21 மே 2024

அப்பா,

உங்கள் கடிதத்தை வட்டம் போட்டு இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மை தீர்ந்துபோனதால் கடைசிப் பத்தியை விட்டுவிட்டேன்.

"இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காமலே நம்பியிருக்கலாம்.

மாதவி என்னோடு பேசுகிறாள். அவள் அம்மா பேசவில்லை. ஆவணியில் வைப்பதாக இருந்த நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். "காரணம் கேக்காதீங்க தம்பி" என்று போனை வைத்தார்கள். யாரோ கிளினிக்கில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. இடது காலில் இரண்டாவது விரல் சோசேஜ் மாதிரி உருண்டு திரண்டிருக்கிறது. சப்பாத்து நுழையவில்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகால் தரையில் படவிடாது, நுனிக்காலில்தான் நடக்கிறேன். எம்சி போட்டு வேலைக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள். நான் இருப்பது நான்காவது மாடி, இங்கே லிப்ட் வேலை செய்யவில்லை. லிப்ட் ரிப்பேர் செய்து சம்பளம் வாங்குகிறவன் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறேன். சிரிக்க வேண்டாம்.

குகன்


மேரு, கிள்ளான்
27 மே 2024

ஐயா குகன்,

சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக ஒரு வேளை காப்பி குடிக்காமல் இருந்தேன். கணக்கு சரி.

குதிகால் படாமல் நுனிக்காலில் நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவும் காலையில் அப்படித்தான் நடப்பாள். சமையலறை வரை நுனிக்காலில் போய், அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குத்தான் குதிகாலைக் கீழே வைப்பாள். நான் படுத்துக்கொண்டே, "சந்திரகலா, டான்ஸ் கிளாஸ் ஆரம்பிச்சாச்சா?" என்று கிண்டல் செய்வேன். அவள் கரண்டியைக் காட்டுவாள். வலிக்கிறது என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நீ போய் உட்கார்ந்திருக்கும் இடம் எப்படிப்பட்ட இடம் என்று உனக்குத் தெரியாது. உன் ஜன்னலில் இருந்து பார்த்தால் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள்தானே தெரியும்? அங்கே பக்கத்தில்தான் ரயில்வே குவாட்டர்ஸ் இருந்தது. உன் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு ரயிலில் வேலை. நான் போர்ட்டில் இருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு வருவேன். அந்த வரிசை வீட்டுக்கு எதிரே வந்ததும் லோரியை நிறுத்தி, இறங்கி, டயரைத் தட்டிப் பார்ப்பேன். நல்ல டயர்தான். தினமும் தட்டினேன். ஒருநாள் உன் அம்மா வாசலுக்கு வந்து, "அண்ணே, அந்த டயருக்கு என்னதான் நோவு?" என்று கேட்டாள். என்னை அவள் அண்ணே என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். பதில் சொல்வதற்குள் உள்ளே திரும்பி, "அப்பா, சோறு ஆறுது, வாங்க!" என்று ஒரு சத்தம். அந்தக் குரலுக்குத்தான் நான் விழுந்தேன். கல்யாணமான பிறகு அந்தச் சத்தத்தை எனக்கே போட ஆரம்பித்தாள். ஆறிய சோறு தட்டில் இருந்தால் அவளுக்கு ஆகாது. ஆனால் அவள் மட்டும் எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே, மிச்சத்தை அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

சபாபதி இது யூரிக் ஆசிட் என்கிறான். பருப்பை நிறுத்து, தக்காளியை நிறுத்து, கீரையை நிறுத்து என்கிறான். இதெல்லாம் நிறுத்திவிட்டு எதைத் தின்பது என்று கேட்டால் தண்ணீர் குடி என்கிறான். கோடாலி தைலம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். உருவிவிட ஒரு ஆள் செலாயாங்கில் இருக்கிறாராம், கையை வைத்தால் வீக்கம் பறந்துவிடுமாம். அழைத்துக்கொண்டு வரட்டுமா?

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூன் 2024

அப்பா,

உருவுகிறவர் வேண்டாம். இங்கே ஒருவரிடம் போய்ப் பார்த்துவிட்டேன். மறுநாள் முழங்கால் இன்னும் சூடாகி, மடக்கவே முடியவில்லை. டாக்டர் திட்டினார். தைலத்தை மேல்மாடி அங்கிளிடம் கொடுத்துவிட்டேன், தலைவலிக்கு நல்லதாம்.

இது யூரிக் ஆசிட் இல்லை. முழங்காலில் ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். யூரிக் ஆசிட் உப்பும் இல்லை, கிருமியும் இல்லை. முதலில் எனக்கும் புரியவில்லை. கிருமி இல்லாத இடம் எதற்கு வீங்க வேண்டும்? டாக்டர் சொன்னதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். வேறு மாடியில் தீப்பிடித்தது. தீ அணைந்துவிட்டது. ஆனால் அலாரம் நிற்கவில்லை. அது இப்போது சம்பந்தமில்லாத மாடியில் அடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் கிருமி மருந்து மேலும் மேலும் தின்று பயனில்லை, அலாரம் அடங்கும்வரை வீக்கத்துக்கு மாத்திரை. வெறும் வயிற்றில் போடக் கூடாது. வீங்கியிருக்கும்போது ஓய்வு. கொஞ்சம் குறைந்ததும் கால் இறுகிப் போகாமல் பயிற்சி. பெரும்பாலும் சில மாதத்தில் அடங்கிவிடும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்குத் திரும்பியும் வரும் என்றார். இரத்தத்தில் ஒரு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருக்கிறது. அது உள்ளவர்களுக்கு இந்த மாதிரி வருவது கொஞ்சம் அதிகமாம். பெற்றவர்கள் யாரிடமிருந்தாவது வந்திருக்கும் என்றார். அம்மாவின் குதிகால் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் சொன்னேன். "இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது" என்றார்.

போன வாரம் கண் திரும்பவும் சிவந்தது. இந்தத் தடவை வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, வலி. தூங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தேன். மாதவி வந்து பார்த்துவிட்டு, "இந்த நோய்ல கண்ணுக்கு வந்தா காத்திருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்று நான்கு மாடியும் கீழே இழுத்துக்கொண்டு போனாள். கண்ணின் உள்ளே அழற்சி. சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பார்வைக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். இப்போது பரவாயில்லை. வரிகள் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

தீ எங்கே பிடித்தது என்று கேட்பீர்கள். வயிற்றில். ஈப்போவில் ஒரு வாரம் வேலைக்குப் போயிருந்தேனே, அங்கே ஏதோ கடையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் வயிற்றுப்போக்கு. மூன்று வாரம் கழித்து முழங்கால். இப்படியும் வருமாம். நீங்கள் போனில் பார்த்த அந்த ஒரு வரிக்கு மேலே இதையும் எழுதியிருப்பார்கள். இதோடு விட்டுவிடுங்கள்.

குகன்


மேரு, கிள்ளான்
18 ஜூன் 2024

ஐயா,

உன் கடிதம் வந்த அன்று ஈப்போவில் இருக்கும் அத்தனை சாப்பாட்டுக் கடைகளையும் திட்டித் தீர்த்தேன். மனதுக்குள் ஒரு நிம்மதி. என் பிள்ளை தப்புப் பண்ணவில்லை, ஏதோ ஒரு கடைக்காரன்தான் பண்ணினான்.

அந்த நிம்மதி ஞாயிறு வரைக்கும்தான். சபாபதி நம் டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தான். அம்மா திதி அன்று படையல் சாப்பாடு வைத்துக் கொடுத்துவிட்டேனே, அந்தக் கேரியர்.

"என்னடா, இவ்வளவு நாளு?" என்றேன்.

"கழுவி வச்சேன் அண்ணே. பார்த்தாலே பயமா இருந்துச்சு."

"கேரியரப் பார்த்தா என்ன பயம்?"

தலையைச் சொறிந்தான். "சொல்லக்கூடாதுன்னு வீட்டுல சத்தியம் வாங்கிட்டா. அண்ணி படையல நான் குத்தம் சொல்லல அண்ணே. ஆனா அந்தக் கோழிய சாப்பிட்டு நான் பாத்ரூம்லயே குடியிருந்தேன் லா. தலகாணிய அங்கயே கொண்டுபோகலாமான்னு யோசிச்சேன்."

"உனக்கு முட்டி வீங்கலையே?"

"வீங்கல. வேற எதுவும் பாக்கியில்ல."

அவன் போன பிறகு கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

நீ ஈப்போவுக்குக் கிளம்பியது படையலுக்கு மறுநாள். அங்கே போய்ச் சேர்ந்த அன்றே உன் குரல் சரியில்லை. கேட்டதற்கு லைன் சரியில்லை என்றாய்.

நான் சமைத்ததை யோசித்துப் பார்த்தேன். படையலுக்கு வைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது, அது வழக்கம். வைத்து எடுத்த பிறகாவது நான் பார்த்திருப்பேன், ஆனால் உன் அம்மா போனதிலிருந்து நான் சைவம். ஆக, வருடத்தில் ஒருநாள் மட்டும் கோழி சமைக்கிற ஒருவன், அதையும் வாயில் வைத்துப் பார்க்காமல் சமைக்கிறான். ஐஸ் விட்டும் விடாமலும் இருந்த தொடைகளை அப்படியே சட்டியில் போட்டேன். எண்ணெய் பிரிந்தது, மணம் வந்தது, இறக்கிவிட்டேன். மத்தியானம் படத்துக்கு முன்னால் வைத்துக் கதவைச் சாத்தியவன், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திறந்தேன். மற்ற வீடுகளில் கொஞ்ச நேரம்தான் வைப்பார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆயுசு முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டவள், ஒருநாளாவது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடட்டும் என்று விட்டேன். அந்த வெயிலில், அந்தப் பூட்டிய அறையில்.

அதை எடுத்து என் கையால் உனக்குப் போட்டேன்.

உண்மையைச் சொல். ஈப்போக் கடையா, அம்மா படையலா?

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்
26 ஜூன் 2024

அப்பா,

சபாபதி அங்கிளைப் பார்த்தால் நான் கொல்லுவேன்.

ஈப்போவில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிடும் நிலையில் போகவில்லை.

எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். முதல் வாயிலேயே தெரிந்தது. ஆனால் நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அம்மா கைப்பக்குவம் வந்திருக்காடா?" என்று கேட்டீர்கள். "வந்திருக்குப்பா" என்றேன். இன்னொரு துண்டு போட்டீர்கள். அதையும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

மலத்தைச் சோதித்ததில் கிருமி பெயர் தெரிந்தது. கோழி சரியாக வேகாவிட்டால் வரும் கிருமி என்றார் டாக்டர். "சமீபத்தில் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்றார். வெளியில் என்றேன். டாக்டரிடமே பொய் சொன்னேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கிளினிக்கில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது நிஜம். அதற்கு முந்தின வாரமே போனில் தேடியதில், படையல் கோழியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வரியில் உங்கள் வாயை அடைத்திருக்கலாம். அந்த வரியைச் சொன்னால் நீங்கள் அடுத்த வருடம் அம்மாவுக்கு அடுப்பே பற்றவைக்க மாட்டீர்கள். அந்த ஒருநாள்தான் நீங்கள் காலையில் எழுந்து பாசாருக்குப் போய்க் கோழி வாங்குகிறீர்கள், பாடுகிறீர்கள், வெங்காயம் உரித்துவிட்டு வெங்காயத்தால்தான் கண்ணீர் என்கிறீர்கள். அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் வெளியே நடந்தேன். மாதவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் படையலைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

என்னைத் தப்பாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

முழங்காலில் பாதி வீக்கம் குறைந்திருக்கிறது. பயிற்சிக்கு நீச்சல் குளத்தில் நடக்கச் சொல்கிறார்கள். என்னோடு நடப்பவர்கள் எல்லோருக்கும் அறுபது வயசுக்கு மேல். நான்தான் கடைசி.

குகன்


மேரு, கிள்ளான்
3 ஜூலை 2024

என் ஐயாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே. வெங்காயம் உரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

யாரும் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். மன்னித்துக்கொள், நான் பேசிவிட்டேன். என் மானத்தை நீ காப்பாற்றப் போய், உன் மானம் சுபாங் ஜெயாவில் கிடக்கிறது. அதை எடுத்து வர நான்தானே போக வேண்டும்?

நேற்று அங்கே மாதவி வீட்டுக்குப் போனேன். சாட்சிக்கு சபாபதியை அழைத்துப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழத்தட்டு. மாதவி அம்மா புஷ்பவல்லி கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

"தங்கச்சி, நான் சம்பந்தம் பேச வரல. ஒரு கோழியப் பத்திப் பேச வந்தேன்" என்றேன்.

கதவு முழுதாகத் திறந்தது. பயத்தில் திறந்தார்களோ என்னவோ.

எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக்கில் நான் கேட்டதையும் என் வாயாலேயே சொன்னேன். மகன் பதில் சொல்லாததற்குக் காரணம் தப்பு இல்லை, அப்பனை நோகடிக்க மனம் இல்லாதது என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்து சபாபதி எழுந்து, "ஆமா அக்கா, நானும் சாப்பிட்டேன், எனக்கும் போச்சு" என்று கையால் காட்டவும் ஆரம்பித்தான். பிடித்து உட்காரவைத்தேன்.

மாதவி உள்ளே சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். பிறகு அந்த அம்மா கேட்டார்கள்: "ருசி பாக்காம சமைச்சீங்களா?"

"ஆமாம்மா."

"வேகாததத் தெரிஞ்சே சாப்பிட்டாரா தம்பி?"

"ஆமாம்மா. ரெண்டு துண்டு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம், "அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. கல்யாணத்துக்கு நீங்க சமைக்க மாட்டீங்கல்ல?"

தை மாதத்தில் கல்யாணத்துக்கே நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாடி ஏறி இறங்கும் அளவுக்கு மாப்பிள்ளை கால் தேறட்டும் என்றும் சொன்னார்கள்.

இனிமேல் நான் எதைச் சமைத்துப் போட்டாலும், நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேராகத் துப்பு. அதுதான் எனக்கு மரியாதை.

படையல் இனி வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அம்மாவுக்கு ஒரு விளக்கு போதும்.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்
11 ஜூலை 2024

அப்பா,

பிளாக்கை எடுத்துவிட்டேன். போனைப் பாருங்கள்.

படையல் வேண்டாம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதம் முழுவதிலும் பிழை அது ஒன்றுதான்.

குகன்


மேரு, கிள்ளான்
16 மார்ச் 2025

ஐயா குகனுக்கும் மருமகள் மாதவிக்கும்,

போனிலேயே சொல்லியிருக்கலாம். பழகிவிட்டது, இதையும் தபாலில் போடுகிறேன். நேற்று மார்க்கெட்டில் மீன் கூடையை நீ தூக்கி நடந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன். கால் தேய்க்கவில்லை. காலையில் மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது என்றாய். பயிற்சியை விடாதே. கண்ணில் ஏதாவது என்றால் என்னிடம் சொல்லக்கூட நிற்காமல் ஓடு.

வருகிற ஞாயிறு அம்மா திதி. அடுப்பு பற்றவைக்கப் போகிறேன். மாதவி வாங்கிக் கொடுத்த கோழியைக் குத்திப் பார்க்கும் சூட்டுமானியைக் கழுவி வைத்திருக்கிறேன். ஒத்திகைக்கு உருளைக்கிழங்கில் குத்திப் பார்த்தேன், அது நன்றாக வெந்திருக்கிறது என்று காட்டியது.

ஆனால் முறையை மாற்றப்போகிறேன். யோசித்துப் பார்த்தேன், இத்தனை வருடம் நான் அவளுக்கு என்ன வைத்தேன்? ஆறிய சோறு, ஆறிய குழம்பு. கதவையும் சாத்தி, ஆளில்லாத அறையில். ஆறினதைத் தட்டில் பார்த்தாலே கத்துகிறவளுக்கு! நிதானமாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேனே தவிர, தனியாகச் சாப்பிடுகிறாளே என்று நினைக்கவில்லை.

இந்தத் தடவை கதவு திறந்திருக்கும். சட்டியில் கொதிப்பது அடங்குவதற்குள் அவள் இலையில் விழும். சூடத்தைக் காட்டிவிட்டு, அவள் படத்துக்கு முன்னாலேயே நாமும் இலை போட்டு உட்கார்ந்துவிடுவோம். அவளோடு சேர்ந்து, அதே சூட்டில். எனக்கு ரசம் போதும். கோழி எப்படி என்று நீ சொல், உள்ளதை உள்ளபடி.

நேரத்தோடு வந்துவிடுங்கள். வாசலில் நின்று சப்பாத்துக் கழற்றிக்கொண்டு, சபாபதியோடு கதை பேசிக்கொண்டு நிற்காதீர்கள். நின்றால் உள்ளே இருந்து ஒரு சத்தம் வரும். குரல் என்னுடையதாகத்தான் இருக்கும், அவளைப் போல வராது, சிரிக்காதீர்கள்.

சோறு ஆறுது, வாங்க.

அப்பா